நாயின் சாப்பாட்டுப் பை: படிப்பது, கணக்குப் பார்ப்பது, பழுதாகாமல் வைப்பது

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துச் சுப்பர்மார்க்கட்டுகளில் நாய்ச் சாப்பாட்டுக்கென்றே ஒரு தட்டு இருக்கும். கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சில கடைகளில் பெரிய பையை உடைத்து, கேட்ட அளவை நிறுத்துத் தருவார்கள். எங்கே வாங்கினாலும் இப்போது விலை கை சுடுகிறது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயைத் தாண்டிவிட்டது. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமானது. இறக்குமதிப் பையை நம்பியிருந்தவர்கள் மலிவான பைக்கு இறங்குவதா, சோற்றுக்கும் மீனுக்கும் திரும்புவதா என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

இந்த அத்தியாயம் எந்தப் பெயரையும் சிபாரிசு செய்யவில்லை. இறக்குமதி நிலைமை மாறும்போது தட்டில் இருக்கும் பெயர்களும் மாறும்; ஒரே பெயரில் வேறு வேறு நாட்டுத் தொழிற்சாலைச் சரக்கும் வரும். கையில் கிடைக்கும் எந்தப் பையையும் நீங்களே மதிப்பிடப் பழகுவதுதான் பயன். அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு: கொழும்பின் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் நல்ல உணவு கெட்டுப்போவது பெரும்பாலும் பை திறந்த பிறகுதான். ஆகவே வாங்குவதற்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது வைப்பதற்கும் கொடுங்கள்.

முதலில் தேட வேண்டிய வரி

பையின் முன்பக்கத்தில் இருக்கும் படமும் பளபளப்பும் விளம்பரம். பின்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே சிறிய எழுத்தில் ‘கொம்ப்ளீட் அன்ட் பலன்ஸ்ட்’ அல்லது ‘கொம்ப்ளீட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வேறு எதுவும் கொடுக்காமல் இந்த உணவை மட்டுமே கொடுத்தாலும் நாய்க்கு வேண்டிய சத்து முழுவதும் கிடைக்கும் என்று தயாரிப்பாளர் பொறுப்பேற்கும் வரி அது. அமெரிக்கப் பைகளில் ‘ஆஃப்கோ’ என்ற அமைப்பின் அளவுகோலும், ஐரோப்பியப் பைகளில் ‘ஃபெடியாஃப்’ அளவுகோலும் குறிப்பிடப்பட்டிருக்கும்.

‘கொம்ப்ளிமென்டரி’ என்று இருந்தால் அது துணை உணவு. மேலே தூவிக் கொடுக்கலாம், அதையே நம்பி நாயை வளர்க்க முடியாது. அவசரத்தில் இந்த இரண்டு சொல்லையும் ஒன்றாக வாசித்துவிடுவது எளிது.

அடுத்து வயது. வளர்ந்த நாய்க்கான ஆஃப்கோ அளவுகோல், ஈரத்தைக் கழித்த பின் குறைந்தது 18 வீதம் புரதமும் 5.5 வீதம் கொழுப்பும் கேட்கிறது. குட்டிக்கும் சினை நாய்க்கும் அது 22.5 வீதம் புரதம், 8.5 வீதம் கொழுப்பு. எனவே ‘அடல்ட்’ பையைக் குட்டிக்குக் கொடுத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். சிறிய இனக் குட்டிக்கு ஏறக்குறைய ஒரு வயது வரையும், லாப்ரடோர் போன்ற பெரிய இனத்துக்கு ஒன்றரை வயது வரையும் குட்டி உணவு வேண்டும். பெரிய இனக் குட்டிக்கு ‘எலும்பு பலமாகட்டும்’ என்று கல்சிய மாத்திரை சேர்ப்பது எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும். முழுமையான குட்டி உணவில் வேண்டிய கல்சியம் ஏற்கெனவே இருக்கிறது.

புரத வீதத்தை எவ்வளவு நம்பலாம்?

ரின் உணவில் புரதம் 8 வீதம் என்றும், உலர் உணவில் 22 வீதம் என்றும் இருக்கும். உலர் உணவில்தான் புரதம் கூட என்று தோன்றும். ஈரத்தைக் கழித்துப் பாருங்கள். ரின்னில் 80 வீதம் ஈரம். மீதி 20 பங்கில் 8 பங்கு புரதம், அதாவது 40 வீதம். உலர் உணவில் 10 வீதம் ஈரம். மீதி 90 பங்கில் 22 பங்கு, அதாவது 24 வீதம். ஆனால் ரின் வாங்கும்போது நீங்கள் காசு கொடுப்பதில் பெரும்பகுதி தண்ணீருக்கு என்பதும் அதே கணக்கில் தெரிந்துவிடும்.

மூலப்பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். ‘ஃபிரெஷ் சிக்கன்’ முதலில் இருந்தால், அந்த எடையில் பெரும்பங்கு ஈரம் என்பதை நினைவில் வையுங்கள். ‘சிக்கன் மீல்’ என்பது ஈரமும் கொழுப்பும் நீக்கி அரைத்த தூள். பெயர் கவர்ச்சியாக இல்லாவிட்டாலும் புரதம் செறிந்தது. அமெரிக்க விதிப்படி ‘வித் சிக்கன்’ என்று எழுத 3 வீதம் கோழி போதும். ‘சிக்கன் ஃபிளேவர்’ என்றால் வாசனை தெரிகிற அளவு இருந்தாலே போதும்.

புரத வீதம் மட்டும் ஏன் போதாது என்பதற்கு ஒரு பாடம் உண்டு. 2004இல் தாய்லாந்தில் தயாரான நாயுணவைச் சாப்பிட்ட ஏராளமான நாய்களுக்கு, தாய்வான் உட்பட ஆசிய நாடுகளில், சிறுநீரகம் பழுதானது. பூஞ்சண நஞ்சு என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள். 2007இல் வட அமெரிக்காவிலும் அதேபோல் நாய்களும் பூனைகளும் செத்தபோது, சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது தெரிய வந்தது. பழைய மாதிரிகளை மறுபடி சோதித்தார்கள். 2004இலும் காரணம் மெலமைனும் சயனூரிக் அமிலமும்தான். ஆய்வுகூடம் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைதரசனை அளந்து புரதமாகக் கணக்கிடுகிறது. மெலமைனில் நைதரசன் நிறைய. கலப்படம் செய்தவனுக்கு அது போதுமாக இருந்தது.

ஆகவே பையில் உள்ள எண்ணைவிட, அந்த எண்ணுக்கு யார் பதில் சொல்வார்கள் என்பது முக்கியம். தயாரிப்பாளர் பெயர், தயாரித்த நாடு, இலங்கை இறக்குமதியாளரின் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த உணவை வகுத்தவர் விலங்குப் போஷாக்கில் படித்தவரா? தயாரித்தது உங்கள் சொந்தத் தொழிற்சாலையா? 100 கிராமில் எத்தனை கலோரி? உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கமும் வாங்குவோரை இத்தகைய கேள்விகளைத்தான் கேட்கச் சொல்கிறது. பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

‘கிரெய்ன் ஃப்ரீ’ என்று தானியம் இல்லாத உணவுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. நாய் மாச்சத்தைச் செரிக்கும் விலங்கு. ஓநாயைவிட அதற்கு மாச்சத்தை உடைக்கும் மரபணுப் பிரதிகள் கூட என்று 2013இல் வெளியான சுவீடன் ஆய்வு காட்டியது. பட்டாணியும் பருப்பும் நிறைந்த தானியமில்லா உணவுகளுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. காரணத்தை உறுதிசெய்யத் தரவு போதாது என்று 2022 இறுதியில் அதே நிர்வாகம் சொன்னது. அரிசி ஒத்துக்கொள்ளும் நாய்க்கு இந்தச் சிக்கலே வேண்டாம்.

கிலோ விலையை விடுங்கள், நாள் விலையைப் பாருங்கள்

குடும்பச் செலவில் மிச்சம் பிடிக்க உதவும் கணக்கு இதுதான். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் கலோரி ஏறக்குறைய இப்படி:

- 5 கிலோ நாய்: 375
- 10 கிலோ நாய்: 630
- 15 கிலோ நாய்: 850
- 20 கிலோ நாய்: 1,060

ஓடியாடும் நாய்க்குக் கொஞ்சம் கூடும். தொடர்மாடி வீட்டில் படுத்தே கிடக்கும் நாய்க்குக் குறையும்.

இப்போது இரண்டு பைகளைக் கற்பனை செய்யுங்கள். முதல் பை கிலோ 1,200 ரூபாய், 100 கிராமில் 310 கலோரி. இரண்டாவது கிலோ 1,500 ரூபாய், 100 கிராமில் 390 கலோரி. 10 கிலோ நாய்க்கு முதல் பையிலிருந்து 203 கிராம் வேண்டும்: 244 ரூபாய். இரண்டாவதிலிருந்து 162 கிராம் போதும்: 242 ரூபாய். கிலோவுக்கு 300 ரூபாய் வித்தியாசம் தட்டுக்கு வரும்போது காணாமல் போகிறது.

பையில் கலோரி போடாவிட்டால் நீங்களே கணிக்கலாம். புரத வீதத்தை 3.5ஆலும், கொழுப்பு வீதத்தை 8.5ஆலும் பெருக்குங்கள். 100இலிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் எல்லாவற்றையும் கழித்தால் வருவது மாச்சத்து, அதையும் 3.5ஆல் பெருக்குங்கள். சாம்பல் வீதம் போட்டிருக்காவிட்டால் 8 என்று கொள்ளுங்கள். புரதம் 20, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மாச்சத்து 48. மூன்றையும் கூட்டினால் 100 கிராமில் 323 கலோரி.

அளவைக் கோப்பையால் அள்ளாமல் சமையலறைத் தராசில் நிறுங்கள். அமெரிக்காவில் 48 லாப்ரடோர்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. கால் பங்கு குறைத்துச் சாப்பிட்ட நாய்கள், மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் கூட வாழ்ந்தன. விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சாப்பாட்டைக் குறையுங்கள், காசும் மிஞ்சும்.

தேத்தண்ணி நேரத்து மாரி பிஸ்கட்டும் கணக்கில் சேரும். இப்படியான தீனி நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 10 கிலோ நாய்க்கு அது இரண்டு பிஸ்கட்டோடு முடிந்துவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

காலாவதித் திகதி, தயாரித்த திகதி, தொகுதி இலக்கம், அதிகபட்ச சில்லறை விலை: இந்த நான்கும் பையிலேயே அச்சாகி இருக்க வேண்டும். மேலே ஒட்டிய துண்டில் வேறு திகதி இருந்தால் வாங்காதீர்கள். கடைவாசலில் வெயில்படும் இடத்தில் அடுக்கிய பையையும், காற்று இறங்கிய, பசை விட்ட, எண்ணெய் கசிந்த பையையும் விட்டுவிடுங்கள். விலைக்குறைப்பில் கிடைப்பது பெரும்பாலும் காலாவதி நெருங்கிய சரக்கு. ஒரு வாரத்தில் தீரும் சிறிய பையென்றால் வாங்கலாம்.

நிறுத்துத் தரும் உணவு மலிவாகத் தெரிந்தாலும் அதை வாங்க வேண்டாம். எப்போது உடைத்த பை, எந்தத் தொகுதி, எத்தனை நாள் திறந்து கிடந்தது என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. பழுதான தொகுதி ஒன்றைத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்தாலும் உங்கள் பொலித்தீன் பைக்கு அந்தச் செய்தி வந்து சேராது. பெரிய பையின் விலை கட்டுப்படியாகாவிட்டால், ஒரே தொடர்மாடியில் நாய் வளர்க்கும் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து முத்திரை உடையாத பையை வாங்கி, உடைத்த அன்றே பிரித்துக்கொள்ளலாம். தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் எல்லாரும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஈரமும் எலியும்

உலர் உணவின் ஈரம் 10 வீதம் அளவில் இருப்பதால்தான் அதில் பூஞ்சணம் பிடிப்பதில்லை. மரைன் டிரைவ் பக்கத்துக் கடற்காற்றில் ஒரு பையைத் திறந்து வைத்தால் அந்தப் பாதுகாப்பு சில நாளில் போய்விடும். பூஞ்சணத்தில் பயப்பட வேண்டியது அஃப்ளடாக்சின். சோளத்திலும் கடலையிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு அது. ஈரலைத் தாக்கும், சமைத்தாலும் முழுவதும் அழியாது. 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அகப்பட்டு நாட்டையே பேசவைத்த அதே நஞ்சுதான். அதற்குச் சற்று முன்னர், 2020 முடிவிலும் 2021 தொடக்கத்திலும், அமெரிக்காவில் அஃப்ளடாக்சின் கலந்த உலர் உணவு சம்பந்தமாக 110க்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாக முறைப்பாடு வந்தது. நஞ்சு மூலப்பொருளோடு தொழிற்சாலைக்குள்ளும் வரலாம். ஈரம் பட்ட பையில் வீட்டிலும் உருவாகலாம். முதலாவது உங்கள் கையில் இல்லை, இரண்டாவது உங்கள் கையில்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவே:

- ஒரு மாதத்துக்குள் தீரும் பையை வாங்குங்கள். 10 கிலோ நாய் நாளுக்கு 180 கிராம் சாப்பிட்டால் 3 கிலோ பை 16 நாளில் தீரும். 10 கிலோ பைக்கு 55 நாள் ஆகும். கொழும்பில் அது கூடுதல்.
- உணவை வாளியில் கொட்டாதீர்கள். பையோடு சேர்த்து இறுக்க மூடும் ரின்னுக்குள் வையுங்கள். கொட்டினால் பழைய எண்ணெய்ப் பிசுக்கு அடியில் தங்கிப் புது உணவையும் கெடுக்கும்; தொகுதி இலக்கமும் தொலையும்.
- ரின்னை நிலத்தில் வைக்காமல் பலகை மேல், அடுப்புக்கும் யன்னலுக்கும் தள்ளி வையுங்கள்.
- ஈரக் கையாலோ, கழுவித் துடைக்காத கரண்டியாலோ அள்ளாதீர்கள்.
- பழைய எண்ணெய் வாடை, கட்டி, நூல், நிறமாற்றம் எதைக் கண்டாலும் பை முழுவதையும் எறியுங்கள். மேலே உள்ளதை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கக்கூடாது.

இராத்திரியில் மிச்ச உணவைத் தட்டில் விடுவது எலிக்கு விருந்து. கொட்டாஞ்சேனையில் ஒடுங்கிய ஒழுங்கைகளும் திறந்த கான்களும் உள்ள இடத்தில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் நாயையும் தாக்கும், வீட்டாரையும் தாக்கும். இருபது நிமிடத்தில் சாப்பிடாததை எடுத்துவிடுங்கள், தட்டைக் கழுவுங்கள். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியை வருடாவருடம் போடுவது பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

சோறும் மீனும் கொடுக்கும் வீடுகள்

சோறும் மீனும் கெட்ட உணவு அல்ல, குறையான உணவு. அமெரிக்காவில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்த ஆய்வு 2013இல் வந்தது. அவற்றில் 95 வீதத்தில் ஒரு சத்தாவது குறைந்திருந்தது. அவற்றில் பல மிருக வைத்தியர்கள் எழுதியவை. நம் வீடுகளில் முதலில் விடுபடுவது கல்சியம். முள் நீக்கிய மீனும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கால் வளையும், சிறு துள்ளலிலும் எலும்பு முறியும்.

இதற்கு மலிவான வழி முட்டைக்கோது. கழுவி, காயவைத்து, வறுத்து, மாவாக அரையுங்கள். ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் கல்சியம் இருக்கும். முழுவதும் வீட்டுச் சாப்பாடு உண்ணும் 10 கிலோ வளர்ந்த நாய்க்கு நாளுக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகப் போதும். சூடை, நெத்தலி போன்ற சிறு மீனைத் தலையோடும் முள்ளோடும் பிரஷர் குக்கரில் மசிய அவித்தால் முள்ளிலிருந்தே கல்சியம் வரும். அப்போது கோதைக் குறையுங்கள். இந்த மீன்களைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். சிலவற்றில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் நொதி உண்டு, அவித்தால் அது போய்விடும். சூரை மீன் வெக்கையில் கிடந்து நாறத் தொடங்கினால் அதில் சேரும் ஹிஸ்டமைன் அவித்தாலும் போகாது. ‘நாய்க்குத்தானே’ என்று பழுதான மீனைக் குறைந்த விலைக்கு வாங்குவது இதனால்தான் ஆபத்து. கருவாடும் ரின் மீனும் உப்பு மிகுந்தவை.

கோழிக் கழுத்தும் ஈரலும் மலிவு. ஈரலைக் கிழமைக்கு இரண்டு நாள், சிறு துண்டாக மட்டும் கொடுங்கள். அளவு மிஞ்சினால் ஏ உயிர்ச்சத்து நஞ்சாகும். அவித்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும், எந்த எலும்பையும் கொடுக்க வேண்டாம். கழுத்தையும் மசிய அவித்து எலும்பை நீக்கியே கொடுங்கள். இவ்வளவு செய்தாலும் நாகம், டி, ஈ உயிர்ச்சத்துகள், அயடின் முதலியவை குறையக்கூடும். முழுக்க வீட்டுச் சாப்பாடு கொடுப்பவர்கள் மிருக வைத்தியரிடம் கேட்டு ஒரு சத்துக் கலவையும் சேர்க்க வேண்டும். பாதி பை, பாதி சோறு என்று கலப்பவர்களும் சோற்றுப் பாதிக்குரிய கல்சியத்தை மறக்கக்கூடாது. குட்டிக்கு மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம். வளர்ந்து முடியும் வரை பையையே வாங்குங்கள்.

மச்சம் அடுப்பேறாத வீடுகள் வெள்ளவத்தையில் நிறைய. அந்த வீட்டு நாய்க்கும் வழி உண்டு. ‘கொம்ப்ளீட்’ என்று உறுதி தரும் மரக்கறி நாயுணவு நாய்க்குப் போதும். மச்சப் பையையே வாங்கினாலும் அடுப்பில் ஏற்றத் தேவையில்லை. வாசலோரத்தில் தனி ரின், தனித் தட்டு வைத்தால் சமையலறைக்குள் அது வராது. வெறும் பருப்புச் சோறும் தயிரும் முழு உணவாகாது. பூனைக்கு இந்தச் சலுகை இல்லை. இறைச்சியிலுள்ள டோரின் போன்ற சத்து அதற்குக் கட்டாயம் வேண்டும்.

தட்டில் விழவே கூடாதவை

வெங்காயம், உள்ளி, லீக்ஸ் மூன்றும் நாயின் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். அதனால் மிச்சக் கொத்து, ஃபிரைட் றைஸ், சம்பல், குழம்பு எல்லாம் விலக்கு. திராட்சையும் முந்திரிகை வற்றலும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பொங்கல் நாளில் சர்க்கரைப் பொங்கலையும், நத்தாருக்குக் கேக்கையும் எட்டாத இடத்தில் வையுங்கள். சொக்லட்டும் கோப்பியும் இதயத்தைத் தாக்கும். சீனியில்லாத இனிப்புகளிலும் சூயிங்கத்திலும் சேரும் சைலிட்டோல் சிறிதளவே போதும், இரத்தச் சீனி சட்டென்று இறங்கிவிடும்.

பை மாற்றும்போதும், நோய் வந்தாலும்

புது உணவுக்கு ஒரு வாரம் எடுத்து மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதிது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஏழாம் நாள் முழுவதும். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றோட்டம் வரும். அதற்குப் புது உணவைக் குற்றம் சொல்லி நல்ல பையை எறிந்துவிடுவீர்கள்.

சாப்பிட மறுத்தல், வாந்தி, சோர்வு, முரசு மஞ்சளாதல், கடும் நிறச் சிறுநீர், அளவுக்கு மிஞ்சிய தாகம்: இவற்றில் எதைக் கண்டாலும் உணவை நிறுத்திவிட்டு அன்றே மிருக வைத்தியரிடம் போங்கள். பையை எறியாதீர்கள். மிச்ச உணவில் ஒரு பகுதியைப் புது சிப்பர் பையிலிட்டு மூடி, தொகுதி இலக்கத்தையும் கடைப் பற்றுச்சீட்டையும் அதோடு வையுங்கள். உணவுதான் காரணமா என்று வைத்தியர் பார்ப்பதற்கு அது வேண்டும். இறக்குமதியாளருக்கு அறிவியுங்கள். காலாவதித் திகதியையோ விலையையோ மாற்றிய பையானால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டும் இலக்கமும் கையில் இருந்தால்தான் உங்கள் முறைப்பாடு அதே தொகுதியை வாங்கிய அடுத்த வீட்டு நாயையும் காப்பாற்றும்.